99.8 சதவீதம் துல்லியம் என்று விற்கப்படும் ஸ்பேம் ஃபில்டர்: ஏலக்காய் வியாபாரிகள் கவனத்துக்கு

போடி, கம்பம், குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆபீஸ் மெயிலுக்கு ஸ்பேம் ஃபில்டர் (வேண்டாத மெயிலைப் பிரித்து ஒதுக்கும் மென்பொருள்) போட்டுத் தருகிறோம் என்று ஒரு கம்பெனி இந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "99.8 சதவீதம் துல்லியம்" என்று நோட்டீஸில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். எங்கள் கடைக்கும் அவர்கள்தான் போட்டார்கள். குவைத்தில் இருந்து வந்த ஒரு நல்ல ஆர்டர் அதனால் கைநழுவிப் போனது.

புத்தடி ஏலக்காய் ஏலத்தில் சரக்கு எடுத்த கையோடு வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு விலை அனுப்புவது எங்கள் வழக்கம். குவைத்தில் இருக்கும் எங்கள் ஏஜென்ட் சொல்லி, புதிதாக ஒரு வியாபாரி 8 மி.மீ. காய்க்கு விலை கேட்டு மெயில் போட்டிருக்கிறார். பதில் வராததால் மறுபடியும் போட்டிருக்கிறார். கடைசியில் ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, "ஏண்ணே, ஒரு பதில்கூடப் போடக் கூடாதா? அவர் வேற இடத்துல வாங்கிட்டாரே" என்று வருத்தப்பட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

இன்பாக்ஸில் இல்லை, ஸ்பேம் ஃபோல்டரிலும் இல்லை. கம்பெனியை விடாமல் நச்சரித்து, ஃபில்டர் ஒவ்வொரு மெயிலையும் என்ன செய்தது என்ற பதிவை (லாக்) வாங்கிப் பார்த்தேன். ஸ்பேம் மாதிரித் தெரியும் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஃபில்டர் புள்ளி போடும், மொத்தம் எல்லையைத் தொட்டால் ஸ்பேம் என்று முடிவு கட்டும். அந்த மெயிலுக்கான வரி இருந்தது: புள்ளி 5.3, எல்லை 5, நடவடிக்கை டெலீட். புள்ளி ஏன் ஏறியது என்பதும் பக்கத்திலேயே இருந்தது. அனுப்பியவர் புதியவர், இலவச மெயில் முகவரி, அடியில் அரபி எழுத்தில் பெயர், கூடவே ஒரு ஜிப் ஃபைல். வளைகுடாவில் இருந்து முதல் தடவை விலை கேட்கிறவர் மெயில் வேறு எப்படி இருக்கும்? சப்போர்ட்டில் இருந்தவரிடம் கேட்டால், "சார், நீங்க அந்த அட்ரஸை வொயிட்லிஸ்ட் பண்ணலையே" என்கிறார். அதாவது, நம்பகமானவர் பட்டியலில் சேர்க்கவில்லையாம். யாரென்றே தெரியாத ஆளை முன்கூட்டியே எப்படி வொயிட்லிஸ்ட் பண்ணுவது?

எல்லை 5 என்று வைத்ததைக் குறை சொல்லவில்லை. ஸ்பேம்அசாசின் என்ற இலவச மென்பொருளிலும் இயல்பாக இருப்பது 5தான். ஆனால் அது ஸ்பேம் என்று குறி போடுவதோடு நிறுத்திக்கொள்ளும், மெயிலை அழிக்காது. ஜிமெயில்கூட ஸ்பேம் ஃபோல்டரில் 30 நாள் வைத்திருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டெலீட் போட்டு வைத்தது இந்தக் கம்பெனி.

அந்த 99.8க்கு வருகிறேன். ஒரு ஆபீஸுக்கு 1,000 மெயில் வருகிறது, அதில் 900 ஸ்பேம், 100 நல்லது என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் 900 ஸ்பேமையும் பிடித்துவிட்டு, நல்ல மெயிலில் 2ஐயும் சேர்த்துத் தூக்கி எறிகிறது. 1,000க்கு 2 தவறு, ஆகவே துல்லியம் 99.8 சதவீதம். பொய் இல்லை. ஆனால் நல்ல மெயில் 100க்கு 2 போய்விட்டதே! ஸ்பேம் அதிகமாக வர வர இந்தத் துல்லியம் இன்னும் அழகாகத் தெரியும். காய் சலிக்கும்போது தூசி எவ்வளவு போனது என்று மட்டும் யாராவது பார்ப்போமா, தூசியோடு எத்தனை நல்ல காய் போனது என்றல்லவா பார்ப்போம்?

நல்ல மெயிலை ஸ்பேம் என்று பிடிப்பதைத்தான் ஃபால்ஸ் பாசிட்டிவ் என்கிறார்கள். அதை நல்ல மெயிலின் எண்ணிக்கையால் வகுத்துக் கேளுங்கள், மொத்த மெயிலால் அல்ல. 2015இல் கூகுள் ஜிமெயிலைப் பற்றிச் சொன்னபோதுகூட, நல்ல மெயில் ஸ்பேமுக்குப் போவது 0.05 சதவீதத்துக்கும் குறைவு என்று தனியாகத்தான் சொன்னது. எங்களுக்கு மாதாமாதம் வந்த ரிப்போர்ட்டில் எத்தனை ஸ்பேம் தடுத்தோம் என்ற கணக்கு மட்டும்தான் இருக்கும். உள்ளே வந்துவிட்ட ஸ்பேமை ஆபீஸில் எல்லோரும் பார்த்துத் திட்டுவார்கள். வராமல் போன நல்ல மெயிலை யார் பார்ப்பது?

டெமோவில் அவர்கள் கொண்டுவந்த மெயில்களை ஓட்டிக் காட்டினால் நம்ப வேண்டாம். உங்கள் பழைய மெயில்களையே கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். மலையாளத்தில் வந்தது, அரபியில் வந்தது, ஷிப்பிங் ஏஜென்ட் அனுப்பிய பில், எல்லாம் இருக்கட்டும். முதல் தடவை எழுதியவர்களைத் தனியாக எண்ணுங்கள். அடி விழுவது அங்கேதான். சாம்பிளும் போதுமான அளவு வேண்டும். 300 நல்ல மெயிலில் ஒன்றுகூட மாட்டவில்லை என்றாலும், உண்மையான தவறு 1 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 95 சதவீத நம்பிக்கையோடு புள்ளியியல் சொல்லும் கணக்கு. 0.1 சதவீதத்துக்குள் என்று சொல்ல 3,000 மெயில் வேண்டும். அப்புறம், முதல் ஒரு மாதமாவது குறி மட்டும் போடட்டும், எதையும் நிறுத்தக் கூடாது. குறி விழுந்ததை எல்லாம் ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும்.

சந்தேகமான மெயிலை ஏற்காமல் திருப்பி அனுப்பினால்கூட, அனுப்பியவருக்குப் போய்ச் சேரவில்லை என்று தெரியும், போன் பண்ணுவார். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பதுதான் கொடுமை.

வருடக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள், மீதியைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். இதே ஆட்கள் குமுளியில் இன்னும் சில கடைகளுக்கு விலை சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கையெழுத்துப் போடும் முன், ஸ்பேம் என்று பிடித்த மெயிலை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.