கிரெடிட் வங்கிக் கணக்கு: கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்புரை

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கிரெடிட் வங்கி உதவுமா என்று எங்கள் ஊர்ப் பக்கம் பலர் என்னிடம் கேட்கிறார்கள். உதவும், எனக்கு உதவியது. தேறிய ஒவ்வொரு தாளுக்கும் கிடைக்கும் அளவுப் புள்ளிதான் கிரெடிட்; அவற்றைச் சேர்த்துவைத்து வேறு கல்லூரிக்கு எடுத்துப்போக உதவும் ஆன்லைன் கணக்குதான் இந்த வங்கி. எதுவரை கூட வரும், எங்கே நம்மைத் தனியாக விட்டுவிடும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். அந்த ஒன்றரை ஏன் குறைந்தது என்பதைத்தான் விரிவாக எழுத வேண்டும்.

2021இல் கோவையில் ஒரு கல்லூரியில் பி.காம். சேர்ந்தேன். நாலு செமஸ்டர் முடிந்தபோது அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்திருந்த நேரம் வேறு. ஹாஸ்டலுக்குக் கட்டப் பணமில்லை, டி.சி. வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். மிச்சப் படிப்பைப் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைன் பி.காம். ஆகத் தொடர்கிறேன்.

கிரெடிட் வங்கிக்கான விதிகளை யுஜிசி 2021 ஜூலையில் வெளியிட்டது. டிஜிலாக்கரில் ஆதார் வழியாகக் கணக்குத் தொடங்கலாம், கட்டணம் கிடையாது. 12 இலக்க எண் ஒன்று தருவார்கள், அதை இப்போது அபார் எண் என்கிறார்கள். 2021-22 கல்வியாண்டு முதல் எடுத்த கிரெடிட்டுகள்தான் இதில் சேரும். அதிகபட்சம் ஏழு வருஷம் செல்லும். ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திய கிரெடிட் கணக்கிலிருந்து கழிந்துவிடும், அதை இன்னொரு இடத்தில் காட்ட முடியாது. இவ்வளவும் தெளிவாக இருக்கிறது, எனக்குக் குறை இல்லை.

கணக்குத் தொடங்கும் முன் உங்கள் பெயரைப் பாருங்கள். நம் மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் பின்னால் இருக்கும், அல்லது அப்பா பெயரே முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் பொருந்தாவிட்டால் மதிப்பெண் உங்கள் கணக்கில் வந்து உட்காராது. கோத்தகிரி இ-சேவை மையத்தில் முதலில் ஆதாரைச் சரிசெய்துவிட்டு அப்புறம் கணக்கைத் தொடுங்கள். ஆதாரோடு இணைத்த செல்போன் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். மழைக்காலத்தில் எங்கள் கிராமத்தில் டவர் போய்விடும், அதனால் நான் கோத்தகிரிக்கு வந்துதான் இதை முடித்தேன்.

முதல் அரை நட்சத்திரம் எங்கே போனது என்றால், இந்த வங்கியில் பணம் போடுகிறவர் நாம் இல்லை. மாணவர் நேரடியாகக் கொடுக்கும் எந்தச் சான்றையும் வங்கி ஏற்காது. படித்த நிறுவனம்தான் ஏற்ற வேண்டும். மோசடியைத் தடுக்க அது தேவையான விதிதான். ஆனால் நிறுவனம் ஏற்றாவிட்டால் நம் கணக்கில் பூஜ்யம்தான். என் கணக்கில் முதலில் இரண்டு செமஸ்டர்தான் தெரிந்தது. பழைய கல்லூரி அலுவலகத்துக்குப் போய் நின்றேன்.

"ஏம்மா, நீதான் டி.சி. வாங்கிட்டுப் போயிட்டியே, இப்ப எதுக்கு இது?"

"சார், நான் போயிட்டேன், என் மார்க் போகலையே."

அந்த அலுவலர் கெட்டவர் இல்லை. பாதியில் போனவர்களுக்கு ஏற்றித் தர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொண்டு வந்தேன். அதன்பின் மிச்சமும் ஏறியது. வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள், மனுவாகவே கொடுங்கள்.

அப்படி என் கணக்கில் 92 கிரெடிட் நின்றது. புதிய பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு 120. 28தானே பாக்கி என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேதான் நன்றாகக் கவனிக்க வேண்டும். சேர்க்கைப் பிரிவு 'உங்கள் கிரெடிட்டுகள் ஏற்கப்பட்டன' என்று மின்னஞ்சல் அனுப்பும். அது முதல் படி மட்டுமே. அந்தக் கிரெடிட் உங்கள் பட்டத்தில் எந்த இடத்தில் உட்காரும் என்பதைத் துறைதான் முடிவு செய்யும். ஒவ்வொரு தாளின் பாடத்திட்டத்தையும் அலகு அலகாகத் தங்கள் தாளோடு ஒப்பிடுவார்கள். பொருந்தினால் அந்தத் தாளை நீங்கள் எழுத வேண்டாம். பொருந்தாவிட்டால் விருப்பப்பாடக் கணக்கில் போடுவார்கள், அங்கும் இடம் இல்லையென்றால் வெளியே நிற்கும்.

என் வணிகப் புள்ளியியல் தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்திலும் அதே பெயர், அதே 4 கிரெடிட். அவர்கள் பாடத்தில் நிகழ்தகவு ஓர் அலகு. எங்கள் பாடத்தில் அது இல்லை. அதனால் அந்த 4 கிரெடிட் விருப்பப்பாடத்தில் விழுந்தது, புள்ளியியலை நான் மறுபடி படிக்கிறேன். நிதிக் கணக்கியல், வணிகச் சட்டம் போன்ற எட்டுத் தாள்கள் சரியாகப் பொருந்தி 32 வந்தது. ஆங்கிலத்துக்கு 6.

தமிழ்தான் எனக்கு வலித்தது. நம் மாநிலக் கல்லூரிகளில் பார்ட் ஒன் என்று நாலு செமஸ்டர் தமிழ் படிக்கிறோம். யாப்பும் சங்கப் பாடலும் நான் ஆசையாகப் படித்த தாள்கள், மதிப்பெண்ணும் அதில்தான் அதிகம். அவர்கள் பட்டத்தில் இந்திய மொழிக்கு ஒதுக்கிய இடம் 6 கிரெடிட். அதற்குமேல் இருந்த தமிழ் அப்படியே நின்றுவிட்டது. விதிப்படி தவறில்லை. ஆனாலும் ஒரு மாநிலத்தில் பட்டத்தின் முதல் பகுதியாக இருக்கும் மொழிப்பாடம் எல்லை தாண்டினால் உபரியாகிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை யுஜிசிதான் யோசிக்க வேண்டும்.

மொத்தம் 48 கிரெடிட் பட்டத்தில் சேர்ந்தது. ஐந்தாம் செமஸ்டரில் சேருவேன் என்று நினைத்த நான் மூன்றாம் செமஸ்டரில் சேர்ந்தேன், அதிலும் சில தாள்கள் விலக்கு. எல்லாம் பொருந்தியிருந்தாலும் 60க்கு மேல் கிடைத்திருக்காது. பட்டம் தரும் நிறுவனத்திலேயே பாதிக் கிரெடிட்டாவது எடுக்க வேண்டும் என்பது 2021 விதி. இந்த ஒரு வரியை முன்பே யாராவது சொன்னால் எத்தனையோ குடும்பம் தப்புக்கணக்குப் போடாது. பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளாத 44 என் கணக்கிலேயே இருக்கிறது.

மீதி ஒரு நட்சத்திரம் இதற்காகத்தான் குறைந்தது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் வங்கி, நான் விண்ணப்பிக்கும் பட்டத்தில் அதில் எவ்வளவு செல்லும் என்று காட்டுவதில்லை. கட்டணம் கட்டும் முன் அது தெரிய வேண்டும். அதுவரை நாமே கேட்க வேண்டும்: ஒவ்வொரு தாளும் எந்தத் தாளுக்குப் பதிலாக ஏற்கப்பட்டது என்று துறையின் கையெழுத்தோடு பட்டியல் கொடுங்கள், பழைய மதிப்பெண் புதிய சராசரியில் சேருமா என்றும் எழுதிக் கொடுங்கள். நான் கேட்டேன், கொடுத்தார்கள். அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் கட்டணம் கட்டினேன்.

மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளமான ஸ்வயம் பற்றியும் ஒரு வார்த்தை. பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டால் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படிக்கலாம். நான் அதில் ஐஐடிகள் முதலியவை நடத்தும் என்பிடெல்லில் 12 வாரப் பாடம் ஒன்று எடுத்தேன், 3 கிரெடிட். வாராந்தர ஒப்படைப்புக்கு 25, தேர்வுக்கு 75. படிப்பது இலவசம், தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்டினேன். தேர்வை நேரில் போய்க் கோவையில் எழுதினேன். பாடம் அருமை. எடுக்கும் முன் அந்தப் பாடம் உங்கள் பல்கலைக்கழகத்தின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

2021-22இல் சேர்ந்து நின்றுபோனவர்கள் தள்ளிப்போடாதீர்கள், ஏழு வருஷம் அவர்களுக்குத்தான் முதலில் முடியும். பழைய கல்லூரியில் முத்திரையிட்ட பாடத்திட்ட நகல், டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் சேர்ந்த பட்டியல்), மைக்ரேஷன் சான்று (வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கானது) மூன்றையும் ஒரே மனுவில் கேளுங்கள். அதற்கு மே மாதம் கிளம்ப வேண்டாம். சீசனில் மலைப்பாதையை ஒருவழியாக்கிவிடுவார்கள், கீழே போவதற்குக் கோத்தகிரி வழி, மேலே வர குன்னூர் வழி. அலுவலகம் மூடும் முன் போய்ச் சேர்ந்து, இரவுக்குள் வீடு திரும்புவது கஷ்டம். ஜூன் நடுவில் போனால் புதுச் சேர்க்கைக் கூட்டத்தில் உங்கள் மனுவை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகஸ்டு நல்லது.