வான் கோயன் கிராமமா, ரெம்பிராண்ட் கிராமமா?

டச்சு ஓவியர் யான் வான் கோயன் 1653-இல் கருப்புச் சாக்கட்டியும் சாம்பல் நிற நீர்ப்பூச்சுமாக வரைந்து தள்ளிய கிராமப் படங்களைப் பாருங்கள்: சாய்ந்த குடிசை, படகு, அரட்டையடிக்கும் நாலு பேர், வியர்வை மட்டும் கிடையாது. விற்கவென்றே வரைந்தவை, வாங்கியவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள். அந்த நகரத்துப் பணம்தான் 1612-க்குள் காற்றாலைகளால் நீரிறைத்து நெதர்லாந்தின் பேம்ஸ்டர் ஏரியையே வயலாக்கியிருந்தது, ஆனால் அப்படிப்பட்ட புதுநிலத்தை இந்தத் தாள்களில் தேடினாலும் கிடைப்பது அபூர்வம். அதே காலத்து டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் பழைய குடிசைகளைத்தான் தேடிப் போனார், சரி, ஆம்ஸ்டெல் ஆற்றங்கரையோரமாக நடந்தே. எனக்குப் பிடித்தது இவர்தான். பழுப்பு மையில் சில கோடுகள், மீதி வெறுந்தாள், பல படங்களில் ஆளே இல்லை. பெரும்பாலும் தன்னிடமே வைத்துக்கொண்டதாலோ என்னவோ, வாங்குபவரைக் குளிர்விக்கும் வேலை அதில் குறைவு.