திரும்பி வரலாம், ஆனால் யார் செலவில்?

'ஒருவழிக் கதவு, இருவழிக் கதவு' என்ற முடிவெடுக்கும் முறையை இன்னும் பயன்படுத்துகிறாயா, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகளுக்குச் சொல்லித்தரலாமா என்று தோழி கேட்டிருந்தாள். ஒரு வரியில் பதில் அனுப்ப மனம் வரவில்லை. பல ஆண்டுகளாக என்னோடு இருக்கும் முறை அது. அதன்மேல் பிரியமும் உண்டு, தீராத கோபமும் உண்டு.

அடிப்படை பலருக்கும் தெரிந்ததுதான். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2015ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் எழுதியது. திரும்ப முடியாத முடிவுகள் ஒருவழிக் கதவுகள்; அவற்றை நிதானமாக, பலரையும் கலந்து எடுக்க வேண்டும். திரும்ப முடிந்தவை இருவழிக் கதவுகள்; அவற்றை விரைவாக எடுத்துவிடலாம். வேண்டிய தகவலில் 70 சதவீதம் கையில் இருந்தால் பெரும்பாலான முடிவுகளுக்குப் போதும் என்று அடுத்த ஆண்டுக் கடிதத்தில் சேர்த்தார்.

நான் இருப்பது திருப்பூரில், பின்னலாடை ஏற்றுமதியில், தரக் கட்டுப்பாட்டு வேலை. எங்கள் தொழிலுக்கென்றே அளவெடுத்துச் செய்த முறை என்பேன். துணி மேஜையில் விரிந்து கிடக்கும் வரை எதையும் மாற்றலாம். கத்தி இறங்கிய பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றி வருவது. பிரித்துப் போட்டுத் தளரவிடாமல் வெட்டினால், வெட்டிய துண்டு பிறகு சுருங்கி அளவு தப்பிவிடும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது ஓர் இரவு துணியைச் சும்மா போட்டுவைக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? அந்த நேரத்தில் "வெட்டினால் திரும்பாது" என்ற ஒரு வாக்கியம் எத்தனையோ வாக்குவாதங்களை முடித்து வைத்திருக்கிறது. எங்கள் கட்டிங் மாஸ்டர்கள் எந்தக் கடிதத்தையும் படிக்காமலே இதை அறிந்தவர்கள்.

மறுபக்கம்தான் எனக்குப் பெரிய வரம். அளவு சார்ட் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அதைத் தமிழில் எழுதி ஒவ்வொரு மேஜைக்கும் ஒட்டலாம் என்று தோன்றியபோது, யாரிடம் அனுமதி கேட்பது என்ற வழக்கமான தயக்கம் வந்தது. சரிவராவிட்டால் நாளைக்குக் கிழித்துவிடலாம் என்று நினைத்த உடனே அது போய்விட்டது. ஒரே மதியத்தில் ஒட்டி முடித்தோம். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் எடுக்கவும் சொல்லவில்லை. சொன்னதை மட்டும் செய்து பழகியவர்களை, தாமாக ஒன்றைத் தொடங்கவைப்பதில் இதற்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை.

கோபத்துக்கு வருகிறேன். திரும்ப முடியுமா என்று இந்த முறை கேட்கிறது. யாரால் திரும்ப முடியும் என்று கேட்பதே இல்லை.

முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில், கடைசியில் மட்டும் நடந்த செக்கிங்கை தையல் லைனின் நடுவிலும் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. ஒரே ஒரு லைன், ஒரே ஒரு வாரம். பிழை இருந்தால் பீஸ் அப்போதே தைத்தவரிடம் திரும்பிப் போகும். தரம் கூடியது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே தைத்தவர்கள் பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, இருந்தவர்கள். பிரித்துத் தைக்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கிய ஓர் அக்கா, பீஸ் கணக்கு எழுதிவைக்கும் சின்ன நோட்டை என் முன் விரித்தார். அந்த வாரக் கணக்கும் முந்தைய வாரக் கணக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. "சோதனை உங்களுடையது, கூலி எங்களுடையதா?" என்று கேட்டார்.

குறைந்த கூலியை ஈடுகட்டித் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டேன். "அடுத்த வாரமே பழைய முறைக்குப் போய்விடலாமே, அதற்கு எதற்கு ஈடு?" என்றார்கள். அப்படியே பழைய முறைக்குப் போனோம். அந்த வாரக் கூலி மட்டும் யாருக்கும் திரும்ப வரவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால், நிறுவனம் பெரிதாகப் பெரிதாகச் சின்ன முடிவும் ஊர்ந்து நகரும் நோயைப் பற்றித்தான் பெசோஸ் எழுதினார். எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறார்: திரும்ப முடியாத முடிவுகளை அலட்சியமாக எடுக்கும் நிறுவனங்கள் பெரிதாகும் முன்பே அழிந்துவிடுகின்றன என்று. அங்கேயும் பேச்சு நிறுவனம் பிழைக்குமா என்பதைப் பற்றித்தான். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வாரச் சோதனையாக இருப்பது, பீஸுக்குப் பீஸ் கூலி வாங்குபவருக்கு அந்த மாத வாடகையாக இருக்கலாம்.

இப்போதும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் சோதனை நடக்கும் வாரத்தில் யாருடைய கூலியும் முந்தைய வாரத்தைவிடக் குறையாது என்று எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குகிறேன். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் நடுச் செக்கிங்கை அப்படித்தான் கொண்டு வந்தோம். அது நிலைத்தும் விட்டது. கடைசி மேஜையில் ஆல்டரேஷனுக்குக் குவியும் பீஸ்கள் கண்ணெதிரே குறைந்தன.

இவ்வளவு புகழ்ந்த பிறகும் தோழிக்கு என் பதில், உன் மகளுக்கு இப்போது வேண்டாம் என்பதுதான். அவள் சேர்ந்திருப்பது மனிதவளப் பிரிவில். ஷிப்ட் நேரம், விடுப்பு விதி என்று அவள் மாற்றிப் பார்க்கப்போகும் எல்லாவற்றின் விலையையும் வேறு யாரோதான் கொடுப்பார்கள். உளவியலாளர் கேரி கிளைன் 2007இல் எழுதிய முறையை முதலில் அவளுக்குக் கொடு. திட்டம் தொடங்கும் முன்பே அது தோற்றுவிட்டதாக வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லும் முறை அது. ஷிப்டில் வேலை செய்பவர்களிடமும் அந்தத் தாளைக் கொடுக்கச் சொல். கதவு முறையை அடுத்த ஆண்டு நானே வந்து சொல்லித்தருகிறேன்.