மேட்டூரா, முத்துப்பேட்டையா? தூண்டிலோடு கிளம்பும் டெல்டாக்காரருக்கு

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் விசாரிக்காத விவசாயி டெல்டாவில் இல்லை. தூண்டில்காரருக்கும் அதே கணக்குதான். முழு அளவான 120 அடியை எட்டியதா என்பதைவிட, மட்டம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். ஏறும்போது காய்ந்த கரையில் முளைத்திருக்கும் புல்லைத் தண்ணீர் மூடும். புழு பூச்சி தேடி மீன் கரையோரம் வரும். பரிசல்கூட வேண்டாம். பாசனத்துக்குத் திறந்து, வரத்தும் குறைந்து, மட்டம் மளமளவென்று இறங்கினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும்.

கட்லா, ரோகு மீனுக்கு இரையாகக் கடலைப் புண்ணாக்குத் தூள் 2 பங்கு, தவிடு 1, கோதுமை மாவு 1 போதும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசையுங்கள். தளர்ந்தால் வீசும்போதே உதிரும். கல்லாக இறுகினால் கரையாது, வாசனை பரவாது. 0.35 மி.மீ. தங்கூசி நரம்பு தாங்கும்.

மேட்டூரில் பெரிய தொல்லை அடிமட்டம். 1934-இல் கட்டி முடித்த அணை இது. ஊர்களே உள்ளே கிடக்கின்றன. தண்ணீர் வற்றினால் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி தலைகாட்டும். சுவரிலும் கட்டையிலும் ஈயக்குண்டு மாட்டும். குண்டை மட்டும் மெல்லிய நரம்பில் தனியாகக் கட்டினால் அது அறுந்து, தூண்டில் முள்ளும் மீனும் கைக்கு வரும். ஆடிக்காற்றில் பரிசல் ஏறுவதென்றால் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மதியத்தில் அலை எழும்பும், பரிசல் காற்றோடு போகும்.

தஞ்சாவூரிலிருந்து மேட்டூர் 200 கி.மீ.க்கு மேல். கடலோர அலையாத்திக் காடு உள்ள முத்துப்பேட்டை மிகவும் பக்கம். அங்கே பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் (கடல்நீர் ஏறி இறங்குவது) கூடும், அட்டமி நவமியில் மந்தம். வற்றம் தொடங்கியதும் அலையாத்திக் காட்டுக்குள்ளிருந்து இறாலும் பொடிமீனும் வாய்க்கால் வழியாக வெளியே வரும். வாய்க்கால் முகத்தில் கொடுவா மீன் காத்திருக்கும். உயிர் இறாலைத் தலைக்கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளில் கோத்துவிடுங்கள். புள்ளியில் பட்டால் இறால் உடனே செத்துவிடும். கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி மாதிரி, ஆகவே முள்ளுக்கு மேலே ஒரு முழம் 0.7 மி.மீ. நரம்பு அவசியம். வற்றம் முடியும்வரை உட்கார்ந்திருந்தால் படகு சேற்றில் தட்டிவிடும், அடுத்த ஏற்றம்வரை நகராது.

குழந்தைகளோடு படகு சவாரி மட்டும்தான் என்றால் பிச்சாவரம் போதும்.

மேட்டூரில் மீன்வளத்துறையிடமும், அலையாத்திக் காட்டில் வனத்துறையிடமும் அனுமதி கேட்காமல் தூண்டில் போடாதீர்கள். எங்கள் தேர்வு: மட்டம் ஏறும் வாரம் மேட்டூர், மற்ற நாளெல்லாம் முத்துப்பேட்டை. உப்புத் தண்ணீரில் போட்ட ரீலை அன்று இரவே நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். தள்ளிப்போட்டால் பேரிங் துருவேறி இறுகிவிடும்.