சாயக் குண்டா, அகச்சிவப்பு லேசரா?

போன ஞாயிறு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் மச்சானோடு தொடங்கிய வாய்த்தர்க்கம் இது: படைப் பயிற்சிக்கு எது சரி, சாயம் நிரப்பிய உருண்டையைச் சுடும் பெயின்ட்போலா, கதிரைச் சுடும் லேசரா? அவன் பெயின்ட் கட்சி. நான் லேசர் கட்சி, ஆனால் முழுதாக இல்லை.

லேசர் முறைக்கு அமெரிக்கப் படை வைத்த பெயர் மைல்ஸ். 1980களில் இருந்து கலிபோர்னியாவின் போர்ட் இர்வின் பாலைவனத்தில் இதைக் கட்டிக்கொண்டுதான் படையணிகள் மோதிப் பழகுகின்றன. துவக்கு அவரவர் துவக்கே, குழலில் மட்டும் ஒரு சின்னப் பெட்டி. வெற்றுத் தோட்டா வெடித்ததும் அது 904 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரை விடும், கண்ணுக்குத் தெரியாது. எதிராளியின் தலைக்கவசத்திலும் உடுப்பிலும் இருக்கும் உணரிகளில் பட்டால் 'கீ' என்று கத்தத் தொடங்கிவிடும். கதிருக்குள்ளேயே சுட்ட ஆயுதம் எது என்ற குறியீடும் போவதால் "எனக்குப் படவேயில்லை" என்ற கதைக்கு இடமில்லை. சில நூறு மீட்டருக்கும் எட்டும், யுத்தத் தாங்கிகளுக்கும் பொருத்தலாம்.

பெயின்ட்போல் இந்தத் தூரத்துக்கு வரவே வராது. 17 மில்லிமீட்டர் உருண்டை, நொடிக்கு 90 மீட்டர் அளவில் புறப்பட்டு, கொஞ்சத்தில் வளைந்து விழுந்துவிடும். மேல்தோல் ஜெலட்டின் வேறு. திருகோணமலை ஈரக் காற்றில் பக்கெற்றைத் திறந்து வைத்தால் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, குழலுக்குள்ளேயே உடையும்.

சரி, லேசரின் குறை? பற்றை. பாலைவனத்தில் அது ராசா, நிலாவெளிப் பக்கப் பற்றைக்குள் ஒரு பூவரசம் இலை குறுக்கே வந்தாலே கதிர் சிதறிவிடும், உண்மைத் தோட்டாவோ அந்த இலையைத் துளைத்துக்கொண்டு போகும். பழகுகிறவனுக்கு இலைக்குப் பின்னால் ஒளிந்தால் தப்பலாம் என்ற கெட்ட பாடம் மனதில் பதிந்துவிடுகிறது.

அப்புறம் வலி. கீ என்று கத்தும் பெட்டிக்கு யார் பயப்படுவான்? சாயக் குண்டு தொடையில் பட்டால் நாலு நாளைக்குக் கண்டிப்போயிருக்கும், அடுத்த முறை தலையை நீட்டுமுன் யோசிப்பான். அதனால் அறைக்குள் மோதும் பயிற்சியை மச்சானுக்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் அங்கேயும் படைகள் அதிகம் எடுப்பது பெயின்ட்போல் இல்லை, மாற்றம் செய்த உண்மைத் துவக்கில் சுடும் 9 மில்லிமீட்டர் சாயத் தோட்டா என்றேன். "அதுவும் சாயம்தானே" என்று சொல்லி, இறால் வடைக்கு என்னையே காசு கொடுக்க வைத்தான்.