சுங்கை சிப்புட்டில் மாதிரி ரயில்: ‘எச்ஓஎம்’மா, ‘என்’னா?

மாதிரி ரயிலை அசலில் 87-இல் ஒரு பங்கான ‘எச்ஓஎம்’ அளவில் வாங்குவதா, 160-இல் ஒரு பங்கான ‘என்’ அளவில் வாங்குவதா? மலேசியாவின் சுங்கை சிப்புட் ரயில் ரசிகர்களிடையே ஓயாத விவாதம் இது. எனது வாக்கு ‘எச்ஓஎம்’ அளவுக்கே. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம்மின் தண்டவாளத்தின் அகலம் 1,000 மில்லிமீட்டர். அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் சுமார் 11.5 மில்லிமீட்டர் வரும்; ‘எச்ஓஎம்’ தண்டவாளம் 12. கண்ணை உறுத்தாது. ‘என்’ அளவிலோ 160-இல் ஒரு பங்கு 6.25 வரவேண்டும், தண்டவாளம் 9! ரயில் கால் அகட்டி நிற்பதுபோல் இருக்கும்.

வரிசை வீட்டின் சிற்றறைக்கு ‘என்’ வசதிதான். கேடிஎம்மின் நீண்ட மின்சார ரயிலான இடிஎஸ் வண்டியும் அழகாகத் திரும்பும். ‘எச்ஓஎம்’மில் விற்பவை பெரும்பாலும் சுவிஸ் மலை ரயில்கள்; நம் வண்டியின் வெளிக்கூட்டை நாமே செய்ய வேண்டும். அந்த உழைப்பு எனக்குப் பெருமகிழ்ச்சி. ரப்பர்த் தோட்டத்தோரம் ஓடிய பழைய டீசல் வண்டிகளை நேசிப்பவர்கள், பலகையில் பாதையைச் சுருக்கியாவது ‘எச்ஓஎம்’ வாங்குங்கள்.