மூக்கு கிடக்கட்டும், ஃபைல் எங்கே?

இந்த முறை கிருஷ்ணகிரி விடுமுறையில் பாதி, ஒரு தாளைத் தேடியே போய்விட்டது.

2023-ல் வந்திருந்தபோது இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் மூக்குத் தண்டு (இரண்டு துவாரங்களுக்கும் நடுவில் இருக்கும் சுவர்) வளைவுக்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். நான் இருக்கும் இங்கிலாந்தில் ஜி.பி. என்கிற குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்து, வரிசையில் காத்துக் கிடந்து... அந்தப் புராணம் உங்களுக்கே தெரியும். ஆனால் இங்கே செய்தும் இடது பக்க அடைப்பு போகவில்லை. போதாக்குறைக்கு மூக்கின் மேல்பகுதி லேசாக அமுங்கிவிட்டது.

உள் தழும்பு அடங்க ஒரு வருஷமாவது விட்டுத்தான் மறுபடி கை வைப்பார்கள். அதனால் இந்த முறை வந்த கையோடு பெங்களூரு போனேன். டாக்டர் என் கன்னத்தை இரண்டு விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்து, "இப்ப மூச்சு இழுங்க" என்றார். காற்று ஜிவ்வென்று உள்ளே போனது. கையை எடுத்தார், பழையபடி அடைப்பு. மூக்கின் உள்வழி குறுகியிருக்கிறதாம். குருத்தெலும்பு வைத்து அகலப்படுத்த வேண்டும். தண்டில் மிச்சம் இருந்தால் அங்கேயே எடுக்கலாம், இல்லையென்றால் காதிலிருந்து, அதுவும் போதாவிட்டால் விலாவிலிருந்து. "போன தடவை எவ்வளவு எடுத்தாங்கன்னு ஆபரேஷன் நோட்ஸ்ல இருக்கும், வாங்கிட்டு வாங்க."

வாங்கிட்டு வாங்களாம்!

பழைய மருத்துவமனை கவுண்டரில் போய்க் கேட்டேன். "ஐ.பி. நம்பர் இருக்கா சார்?" உள்நோயாளி எண்தான்; இருந்தது. "டிஸ்சார்ஜ் சம்மரி குடுத்திருப்போமே?" கொடுத்தார்கள்தான்; தண்டு நேராக்கப்பட்டது, நோயாளி நலம் என்று ஒரே வரி. மறுபடி போனால் பொறுப்பாளர் லீவு. அதற்கப்புறம், "சிஸ்டம் மாத்திட்டோம் சார், பழசெல்லாம் எங்க இருக்குன்னே தெரியல." உள்நோயாளி ஆவணத்தை 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையே சொல்கிறது. அதை எடுத்துச் சொன்னேன். "சார் வக்கீலா?" என்றார் கவுண்டர்காரர்.

இங்கிலாந்தில் டாக்டரைப் பார்க்க மாதக்கணக்காகும். கடிதம் மட்டும் செல்போன் ஆப்பில் வந்து நிற்கும். இங்கே டாக்டரை மறுநாளே பார்த்துவிடலாம், தாள்தான் கைக்கு வராது.

கடைசியில் காப்பாற்றியது வார்டு ஆயா அக்கா. "மூக்குல பஞ்சு வெச்சிக்கினு இட்லி கேட்ட அண்ணன்தானே நீங்க?" என்று சிரித்தவர், மாடிப்படிக்கு அடியில் கூட்டிப்போனார். மாம்பழ அட்டைப்பெட்டிகள்! நம்மூரில் வேறெதில் போட்டு வைப்பார்கள்? உள்ளே கட்டுக்கட்டாக ஃபைல்கள், குளுக்கோஸ் டியூபால் கட்டியிருந்தார்கள். மூன்றாவது பெட்டியில் என் பெயர், தப்பான இனிஷியலோடு. நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வெளியே வந்தால், கவுண்டரில் 'ஆவணத் தேடல் கட்டணம்' 500 ரூபாய்க்கு ரசீது போட்டார்கள். தேடியது யார்?

தண்டில் பெரும்பகுதியை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். அதனால் காதிலிருந்து எடுத்து வைத்தார்கள். விலா தப்பித்தது. மூச்சு பரவாயில்லை, வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம் ஆகுமாம். பெங்களூரில் டிஸ்சார்ஜ் அன்றே, கேட்காமலே, ஆபரேஷன் நோட்ஸை உறையில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பில்லைப் பார்த்த பிறகு, அதற்கும் சேர்த்துத்தான் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.